சிறிய சந்தை என்ற பெரிய சாக்கு

ஒரு பந்துவீச்சாளர் பருவகாலம் முழுவதும் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ஓட்டங்களைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பருவத்தின் முடிவில், லீக்கின் மிகச் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்த 30 பத்திரிகையாளர்களும் ஒருமுகமாக அவரையே தெரிவு செய்கிறார்கள். பேஸ்போல் எழுத்தாளர்கள் முப்பது பேர் ஒரு விடயத்தில் உடன்படுவது எவ்வளவு அபூர்வம் என்பது எமது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால், அதே பருவத்தில் அந்த இளைஞரின் பெயரில் பதிவான வெற்றிகள் 10; தோல்விகளும் 10.

போல் ஸ்கீன்ஸ் என்ற அந்த 23 வயது இளைஞர் 2025 ஆம் ஆண்டில் 216 துடுப்பாட்டவீரர்களை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். மே மாதம் 18 ஆம் திகதி பிலடெல்பியாவில் தனது வாழ்வில் முதற்தடவையாக ஓர் ஆட்டத்தை ஆரம்பம் முதல் இறுதிவரை தனியாகவே வீசி முடித்தார். அந்த ஆட்டத்தில் அவரது அணி 1-0 என்று தோற்றது. பந்துவீசுபவர் எதிரணியைத் தடுத்து நிறுத்தலாமே தவிர, தனது அணிக்கு ஓட்டங்களைப் பெற்றுக்கொடுக்க இன்றைய பேஸ்போலில் அவருக்குப் பொதுவாக வழியில்லை. அந்த வேலையைச் செய்வதற்கு ஆட்களைத் திரட்டவேண்டியது அணியின் உரிமையாளருடைய பொறுப்பு. பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்தின் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

கிரிக்கெட்டோடு வளர்ந்த எம்மவரில் பலருக்குப் பைரேட்ஸ் என்ற பெயர் பழக்கமற்றதாக இருக்கலாம். ரொறன்ரோவிலும் நியூஜேர்சியிலும் பிள்ளைகளை வளர்க்கும் வாசகர்களுக்கு இந்த அறிமுகம் தேவைப்படாது. மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. 2008 ஆம் ஆண்டு இந்தியாவில் நடத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் மூலம் கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு ஈட்டி எறியும் இளைஞர்களை ஒப்பந்தம் செய்த கழகம் இதுதான். அந்தக் கதையை ஹொலிவுட் 2014 இல் திரைப்படமாக்கியபோது இசையமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். அந்தத் துணிச்சலில் பாதியையாவது நிருவாகம் தனது சொந்த நகரத்தின் விடயத்திலும் காட்டியிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிருக்காது.

2025 பருவத்தைப் பற்றி நீட்டி முழக்க அதிகமில்லை. 162 ஆட்டங்களில் 71 வெற்றி, 91 தோல்வி. நெஷனல் லீக்கின் மத்திய பிரிவில் கடைசி இடம். பருவம் தொடங்கி ஆறு வாரங்கள் கழிந்த நிலையில், 12 வெற்றிகளும் 26 தோல்விகளுமாக இருந்தபோது முகாமையாளர் டெரெக் ஷெல்டன் பதவி நீக்கப்பட்டார். பிட்ஸ்பேர்க்குக்கு அண்மையிலுள்ள பட்லர் என்ற ஊரைச் சேர்ந்த டொன் கெலி பொறுப்பேற்ற பின்னர் 59 வெற்றி, 65 தோல்வி. அதாவது, முகாமையாளரை மாற்றியதால் படுமோசமாக இருந்த அணி வெறும் மோசமான அணியாக மாறியது. ஏப்ரல் பிற்பகுதியில் இருந்து மே மாதம் வரை தொடர்ச்சியாக 26 ஆட்டங்களில் இந்த அணி நான்கு ஓட்டங்களுக்கு மேல் பெறவில்லை. பருவம் முழுவதிலும் அடித்த ஹோம் ரன்கள் 117. முப்பது அணிகளிலும் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. 2021 இல் நாட்டின் முதலாவது தெரிவாக இக்கழகம் எடுத்த ஹென்றி டேவிஸின் துடுப்பாட்டச் சராசரி .167. அணியின் அதிவேக வீரர் ஒனீல் குரூஸின் சராசரி .200. இவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் ஸ்கீன்ஸ் தனது இரண்டு ஓட்டங்களுக்கும் குறைவான சராசரியைக் காப்பாற்றினார்.

ஒரேயொரு வாரம் மட்டும் விதிவிலக்கு. ஜூன் இறுதியில் செல்வம் கொழிக்கும் நியூயோர்க் மெட்ஸ் அணியைத் தங்கள் அரங்கத்துக்கு வரவழைத்து மூன்று ஆட்டங்களிலும் மொத்தமாக 30-4 என்ற ஓட்டக்கணக்கில் துவைத்தெடுத்தார்கள். அடுத்துவந்த சென் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மூன்று ஆட்டங்களிலும் ஓர் ஓட்டத்தைக்கூடக் கொடுக்கவில்லை. அந்த ஆறு நாட்களும் பிட்ஸ்பேர்க் ரசிகர்கள் பட்ட ஆனந்தத்தைக் கண்டபோது எனக்குப் பரிதாபமே மேலோங்கியது. நீண்டகாலம் பட்டினி கிடந்தவன் முன் ஒரு பிடி சோற்றை வைத்தால் அவன் விருந்து என்றுதான் நினைப்பான்.

இந்தத் தோல்விகளுக்கெல்லாம் கழகத்தின் தரப்பில் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றே ஒன்றுதான். 'நாங்கள் சிறிய சந்தையைச் சேர்ந்தவர்கள்.' அமெரிக்கக் கால்பந்திலும் ஐஸ் ஹொக்கியிலும் உள்ளதைப் போன்று ஓர் அணி வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பு பேஸ்போலில் இல்லை. ஒரு எல்லையைத் தாண்டினால் வரி செலுத்தவேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் வருமானம் நகரத்துக்கு நகரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். எனவே லொஸ் ஏஞ்சலிஸும் நியூயோர்க்கும் வாங்குகின்ற கடையில் பிட்ஸ்பேர்க் போன்ற நகரங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும் என்பது வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகம் 2025 பருவத்துக்காகச் செலுத்தவேண்டியிருந்த ஆடம்பர வரி மட்டும் சுமார் 16 கோடியே 90 இலட்சம் டொலர். பைரேட்ஸ் கழகம் அந்தப் பருவத்தைத் தொடங்கியபோது தனது வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து ஒதுக்கிய சம்பளம் 9 கோடி டொலர் அளவிலேயே இருந்தது. ஒருவர் கட்டுகின்ற தண்டப்பணத்தில் மற்றவர் ஏறத்தாழ இரண்டு அணிகளை நடத்தலாம். ஷோஹேய் ஒட்டானி என்ற ஒரு வீரருடன் டொட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் செய்துகொண்ட பத்துவருட ஒப்பந்தத்தின் பெறுமதி 70 கோடி டொலர். பைரேட்ஸ் கழகத்தை அப்படியே விலைக்கு வாங்குவதற்குத் தேவைப்படும் தொகையில் ஏறத்தாழ அரைவாசி! இப்படியான ஓர் ஏற்றத்தாழ்வு விளையாட்டுக்கு நல்லது என்று எவராவது கூறினால் அவர் டொட்ஜர்ஸ் ரசிகராகவே இருக்கவேண்டும்.

ஆனால், பிட்ஸ்பேர்க் தோற்றது இதனால்தானா என்பதே கேள்வி. அதற்கான பதில் அதே பிரிவில், சில மணிநேரப் பயணத் தூரத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது.

முப்பது கழகங்களிலும் மிகச் சிறிய தொலைக்காட்சிச் சந்தை மில்வோக்கி. பெருநகரப் பகுதியின் சனத்தொகை சுமார் 15 இலட்சம். பிட்ஸ்பேர்க்கில் அது 24 இலட்சம் அளவில். மில்வோக்கி புரூவர்ஸ் அணி 2025 பருவத்தை நான்கு தொடர் தோல்விகளுடன் ஆரம்பித்தது. நியூயோர்க்கில் யாங்கீஸ் அணி அவர்களுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 ஓட்டங்களை அடித்தது. பருவம் முடிந்தபோது புரூவர்ஸின் கணக்கில் 97 வெற்றிகள். முப்பது அணிகளிலும் அதிகம். டொட்ஜர்ஸையும் யாங்கீஸையும்விட அதிகம். பைரேட்ஸைவிட 26 அதிகம். ஓகஸ்ட் மாதத்தில் 14 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்று கழகத்தின் சாதனையைப் புதுப்பித்தார்கள். முகாமையாளர் பற் மேர்பி இரண்டாவது வருடமாகவும் நெஷனல் லீக்கின் சிறந்த முகாமையாளராகத் தெரிவானார். ஆட்டங்களைக் காண 26 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்கத்துக்கு வந்தார்கள். பிட்ஸ்பேர்க்கில் வந்தவர்கள் 15 இலட்சம் அளவில்.

மில்வோக்கி பணத்தை வாரியிறைத்தா இதைச் சாதித்தது? பருவத்தின் தொடக்கத்தில் அவர்களின் சம்பளப்பட்டியல் 12 கோடி டொலரைக்கூட எட்டவில்லை. பைரேட்ஸுக்கும் அவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்று கோடிக்கு உட்பட்டது. அவர்களுக்கும் டொட்ஜர்ஸுக்கும் இடையிலான வித்தியாசமோ இருபது கோடியைத் தாண்டியது. இந்த மூவரில் யார் யாருக்கு அயலவர் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நட்சத்திரங்களை இழப்பதிலும் மில்வோக்கி எவருக்கும் குறைந்ததல்ல. முகாமையாளர் கிரெய்க் கவுன்செலை 2023 நவம்பரில் 4 கோடி டொலர் கொடுத்து அயல் நகரமான சிக்காகோவின் கப்ஸ் கழகம் தூக்கிச் சென்றது. சை யங் விருது பெற்ற கோர்பின் பேர்ன்ஸ் 2024 இல் போல்ரிமோருக்கு மாற்றப்பட்டார். வில்லி அடாமெஸ் 18 கோடிக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்துடன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர் டெவின் வில்லியம்ஸ் யாங்கீஸுக்கு அனுப்பப்பட்டார். ஒவ்வொரு தடவையும் இனி அவர்களின் கதை முடிந்தது என்று எழுதப்பட்டது; ஒவ்வொரு தடவையும் அவர்கள் மீண்டு வந்தார்கள். வில்லியம்ஸுக்குப் பதிலாகக் கிடைத்தவர்களில் ஒருவரான கேலெப் டேர்பின் என்ற குள்ளமான இளைஞர் 2025 இல் மூன்றாம் தளத்தின் நிரந்தரக் காவலரானார். மில்வோக்கி வீட்டுப் பொருளை விற்பது அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்குவதற்காக. பிட்ஸ்பேர்க்கோ விதைநெல்லையே விற்றுவிட்டு மழை இல்லை என்று முறையிடுகிறது.

இதைக் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு குவின் பிரீஸ்டரின் கதையைச் சொல்லவேண்டும். 2019 இல் பைரேட்ஸ் தனது முதற்சுற்றுத் தெரிவாக எடுத்த பந்துவீச்சாளர் அவர். ஐந்து வருடங்கள் வைத்திருந்தும் அவரைக்கொண்டு என்ன செய்வதென்று அறியாமல் 2024 ஜூலையில் பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பொஸ்டனிடமிருந்து 2025 ஏப்ரலில் மில்வோக்கி அவரைப் பெற்றது. அந்த வருடம் அவர் 13 வெற்றி, 3 தோல்வி. ஒரு கட்டத்தில் அவர் பந்துவீசிய 19 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக மில்வோக்கி வென்றது. அதே கை, அதே பந்து. மாறியது கற்றுக்கொடுத்தவர்கள் மட்டுமே. பிரீஸ்டரைப் பிரீஸ்டராக்குவதற்கு லொஸ் ஏஞ்சலிஸின் தொலைக்காட்சி ஒப்பந்தம் தேவைப்படவில்லை.

மில்வோக்கியை ஒரு புண்ணியத்தலமாகக் காட்டுவது எனது நோக்கமல்ல. அதன் உரிமையாளரும் கலிபோர்னியாவில் இருந்து வந்த முதலீட்டாளர்தான். அரங்கத்தைப் புதுப்பிப்பதற்கென 2023 இல் விஸ்கொன்சின் மாநிலத்து மக்களின் வரிப்பணத்தில் இருந்து 50 கோடி டொலர் அளவில் பெற்றுக்கொண்டவர்தான். மேலும், அந்த அணியின் முடிவும் சிறிய சந்தையின் உண்மையான எல்லை எது என்பதைக் காட்டியது. ஒக்டோபர் மாதம் நெஷனல் லீக்கின் இறுதித் தொடரில் டொட்ஜர்ஸ் நான்கு ஆட்டங்களிலும் அவர்களை வீழ்த்தியது. நான்கு ஆட்டங்களிலும் மில்வோக்கி பெற்றது ஆளுக்கொன்றாக நான்கே ஓட்டங்கள். ஒக்டோபர் 17 ஆம் திகதி நான்காவது ஆட்டத்தில் ஒட்டானி என்ன செய்தார் என்பதை நேரில் கண்டவர்களே இன்னமும் நம்புகிறார்களோ தெரியாது. பந்துவீசிப் பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த அதே மனிதர், அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்களையும் அடித்தார்.

எனவே, 'பணம் இல்லாதவர் உலகத் தொடரை வெல்வது கடினம்' என்று மில்வோக்கி சொன்னால் நான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்பேன். அவர்கள் வாசல்வரை போய்த் தட்டியவர்கள். படலையைக்கூடத் தாண்டாத பிட்ஸ்பேர்க் அதே முறைப்பாட்டைச் சொல்வதற்கு உரித்துடையதல்ல. 2025 இல் அவர்களைத் தோற்கடித்தது டொட்ஜர்ஸ் அல்ல. 117 ஹோம் ரன்கள்தான். அந்த ஒக்டோபரின் விசித்திரம் ஒன்றையும் குறிப்பிடவேண்டும். தொடரின் மூன்றாவது ஆட்டத்தை டொட்ஜர்ஸுக்காக ஆரம்பித்த பந்துவீச்சாளர் டைலர் கிளாஸ்நோ. அவரும் ஒரு காலத்தில் பைரேட்ஸின் பிள்ளைதான். 2018 இல் வேறு இருவருடன் சேர்த்துத் தம்பா பேக்கு அள்ளிக் கொடுக்கப்பட்டவர். அந்தத் தம்பா பேயும் செல்வந்த அணியல்ல என்பது கவனிக்கத்தக்கது.

இனி, உரிமையாளரிடம் வருவோம். 2007 இல் இருந்து பைரேட்ஸின் பிரதான உரிமையாளராக இருப்பவர் பொப் நட்டிங். பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தப் பெயரில் தனியான அக்கறை உண்டு. ஏனெனில் அவர் ஒரு பத்திரிகை முதலாளி. மேற்கு வெர்ஜீனியாவின் வீலிங் நகரத்தைத் தலைமையகமாகக் கொண்ட ஒக்டென் நியூஸ்பேப்பர்ஸ் அவரது குடும்ப நிறுவனம். சிறிய ஊர்களின் சிறிய பத்திரிகைகளை நடத்தியே வளர்ந்த குடும்பம். நட்டிங் குடும்பம் பைரேட்ஸில் காலடி வைத்த 1996 இல் அக்கழகத்தை வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கெவின் மக்கிளட்சியும் இன்னொரு பத்திரிகைக் குடும்பத்தின் வாரிசுதான்.

பத்திரிகை முதலாளிகளின் பஞ்சப்பாட்டு எனக்குப் புதிதல்ல. நான் முன்னர் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், சம்பள உயர்வு கேட்டுப் போன நாங்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டது ஒரே பதிலைத்தான்: கடதாசி விலை ஏறிவிட்டது, விளம்பரம் குறைந்துவிட்டது, நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்ட ஒரே உதவியாசிரியர் அடுத்த மாதம் அங்கு இருக்கவில்லை. நட்டத்தில் ஓடிய அந்த நிறுவனம் சில வருடங்களில் புதிய கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்தது என்பது வேறு கதை. ஆகவே ஒரு முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு 'கட்டுப்படியாகவில்லை' என்று கூறும்போது எனது காதுகள் தாமாகவே கூர்மையடைகின்றன.

பைரேட்ஸின் கணக்குப் புத்தகம் ஒரு தடவை திறந்தது; அவர்கள் விரும்பித் திறக்கவில்லை. 2010 ஓகஸ்டில் கசிந்த நிதி ஆவணங்கள், 2007, 2008 ஆகிய இரு வருடங்களிலும் கழகம் சேர்த்து 2 கோடியே 90 இலட்சம் டொலருக்கு மேல் இலாபம் ஈட்டியதைக் காட்டின. அந்த இரு வருடங்களிலும் அணி முறையே 94, 95 ஆட்டங்களில் தோற்றிருந்தது. தோல்வியும் இலாபமும் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழமுடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் கிடைக்காது. பேஸ்போலில் ஒவ்வொரு கழகமும் தனது உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொது நிதியத்தில் இடவேண்டும். அது முப்பது கழகங்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். தேசிய ஒளிபரப்பு வருமானமும் சமமாகவே பங்கிடப்படுகிறது. வறிய கழகங்கள் நல்ல அணிகளைக் கட்டுவதற்கென ஏற்படுத்தப்பட்ட இந்த ஏற்பாட்டின் பணத்தை அதற்காகச் செலவிடவில்லை என்று 2018 இல் வீரர்களின் தொழிற்சங்கம் நான்கு கழகங்கள்மீது முறைப்பாடு செய்தது. அவற்றில் ஒன்று பைரேட்ஸ்.

அரங்கத்தின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. பிட்ஸ்பேர்க்கில் புதிய அரங்கங்களைக் கட்டுவதற்காக விற்பனை வரியை அரைச் சதவீதத்தால் உயர்த்தும் யோசனையை 1997 நவம்பரில் அப்பிரதேசத்தின் 11 மாவட்டங்களின் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். மக்கள் வேண்டாம் என்று சொன்னபின் அரசியல்வாதிகள் மறுவருடமே வேறு வழியில் பொதுப்பணத்தைத் திரட்டினார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'இரண்டாவது திட்டம்' என்பதுதான். இவ்வாறு 2001 இல் திறக்கப்பட்ட பி.என்.சி. பார்க், ஆற்றங்கரையும் மஞ்சள் பாலங்களும் வானுயர்ந்த கட்டிடங்களும் பின்னணியாக அமைய, அமெரிக்காவின் மிக அழகான பேஸ்போல் அரங்கங்களில் ஒன்று என்பதை எவரும் மறுப்பதில்லை. நகரம் தனது பங்கை முன்கூட்டியே செலுத்திவிட்டது. முதலாளியின் பங்குதான் நிலுவையில் இருக்கிறது.

அந்த நகரம் எதை இழந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டவேண்டும். ஐந்து தடவைகள் உலகத் தொடரை வென்ற கழகம் இது. 1960 இல் யாங்கீஸ் அணி ஏழு ஆட்டங்களிலும் மொத்தமாக 55 ஓட்டங்களைக் குவித்தது. பைரேட்ஸ் பெற்றதோ 27. ஆனால் கிண்ணம் பிட்ஸ்பேர்க்குக்கே வந்தது. ஏழாவது ஆட்டத்தின் இறுதி இன்னிங்ஸில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னைப் போன்று ஏழாவது ஆட்டமொன்றை முடித்துவைத்த வேறு ஹோம் ரன் உலகத் தொடரில் இல்லை. 1971 செப்டெம்பர் முதலாம் திகதி, கறுப்பின மற்றும் இலத்தீன் அமெரிக்க வீரர்கள் மட்டுமே அடங்கிய ஒன்பது பேரை முதன்முதலாகக் களமிறக்கியதும் இக்கழகமே. அந்த அணியின் ஆன்மா புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொபேர்ட்டோ கிளெமென்டே. 1972 இறுதியில் பூகம்பத்தால் சிதைந்த நிக்கரகுவாவுக்கு நிவாரணப் பொருட்களுடன் தானே புறப்பட்டுச் சென்று, டிசம்பர் 31 ஆம் திகதி விமானம் கடலில் வீழ்ந்து மாண்டவர். அப்போது அவரது கணக்கில் சரியாக 3,000 அடிகள். அவரது சீருடை இலக்கம் 21.

2025 பருவத்தின் தொடக்கத்தில் ரசிகர்கள் அரங்கத்துக்குள் நுழைந்தபோது, வலதுபக்க மதிலில் இருந்த அந்த 21 என்ற இலக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம்! கிளெமென்டேயின் மகன் பகிரங்கமாக ஆட்சேபித்தார், நகரம் கொதித்தது, கழகம் மன்னிப்புக் கோரும் தொனியில் இலக்கத்தை மீண்டும் வைத்தது. அதே வாரங்களில், அரங்கம் கட்டப்பட்டபோது ரசிகர்கள் பணம் கொடுத்துத் தமது பெயர்களையும் காலஞ்சென்ற பெற்றோரின் பெயர்களையும் பொறித்த செங்கற்கள் அகற்றப்பட்டு, கழிவுகளை மீள்சுழற்சி செய்யும் இடத்தில் குவிந்துகிடப்பது வெளியே வந்தது. தனது நகரத்தில் நடந்த முதலாவது ஆட்டத்தின்போது அரங்கத்தில் 'அணியை விற்றுவிடு' என்ற கோஷம் எழுந்தது. வானில் அதே வாசகத்துடன் ஒரு சிறு விமானம் வட்டமிட்டது. தோல்வியை ரசிகர்கள் மன்னிப்பார்கள். 1993 தொடக்கம் 2012 வரை தொடர்ச்சியாக இருபது பருவங்கள் வெற்றிகளைவிடத் தோல்விகளே கூடுதலாக இருந்தபோதும் மன்னித்தவர்கள் அவர்கள். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் எந்த அணிக்கும் நேராத அவலம் அது. ஆனால் ஒரு மதிலில் எதை எழுதலாம், எதை அழிக்கக்கூடாது என்பதற்கு சந்தையின் அளவு காரணமாக முடியாது.

'பிட்ஸ்பேர்க்கில் வெல்லவே முடியாது' என்போருக்கு இதே நட்டிங்கின் காலத்திலேயே மறுப்பு இருக்கிறது. 2013, 2014, 2015 ஆகிய மூன்று வருடங்களிலும் பைரேட்ஸ் பின்பருவப் போட்டிகளுக்குத் தெரிவாகியது. 2015 இல் 98 வெற்றிகள். அதே கழகம், அதே நகரம், அதே சந்தை. அந்த அணிக்கு இன்னும் இரண்டு தூண்கள் தேவைப்பட்ட வேளையில் உரிமையாளர் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். 2018 ஜனவரியில் சில நாட்கள் இடைவெளியில் கெரிட் கோல் ஹூஸ்டனுக்கும், நகரத்தின் செல்லப்பிள்ளையான அன்ட்ரூ மக்கச்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அதன் பின்னர் 2025 வரை ஒரு தடவையாவது பின்பருவத்தைக் கண்டதில்லை.

சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இப்போது பல உரிமையாளர்களின் மந்திரம். 2022 மார்ச்சில் வீரர்களுடன் செய்துகொள்ளப்பட்ட கூட்டு உடன்படிக்கை 2026 டிசம்பர் 1 வரையிலானது என்பதால் இம்மந்திரத்தின் ஒலி கூடிக்கொண்டே வந்தது. இதே பிட்ஸ்பேர்க்கில் உச்சவரம்புள்ள கால்பந்தில் ஸ்டீலர்ஸ் ஆறு தடவைகளும், ஹொக்கியில் பென்குவின்ஸ் ஐந்து தடவைகளும் சம்பியனாகியுள்ளன என்பதைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த விளையாட்டுகளில் உச்சவரம்புடன் கூடவே இதற்குக் குறையாமல் செலவிடவேண்டும் என்ற அடிவரம்பும் உண்டு என்பதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை. டொட்ஜர்ஸின் கையைக் கட்டுவதால் மட்டும் நட்டிங்கின் கை திறந்துவிடாது. அடிவரம்பு இல்லாத உச்சவரம்பு பைரேட்ஸ் ரசிகருக்கு ஒரு சதத்துக்கும் பயன்படாது. முதலாளியின் இலாபத்துக்கு மாத்திரமே உத்தரவாதமளிக்கும்.

இக்கழகத்தின் எதிர்காலம் முற்றாக இருண்டது என்று எழுதினால் அது நேர்மையாகாது. ஸ்கீன்ஸுக்குப் பின்னால் வரிசையாக இளம் பந்துவீச்சாளர்கள் நிற்கிறார்கள். 2024 இல் ஒன்பதாவது தெரிவாக எடுக்கப்பட்ட கொனர் கிரிபின், 19 வயதில், 2025 இல் சிறு லீக்குகளில் .333 என்ற சராசரியுடன் 21 ஹோம் ரன்களை அடித்ததுடன் 65 தடவைகள் தளங்களைத் திருடி ஓடினார்; நாட்டின் இளம் வீரர்கள் மத்தியில் முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டார். பருவம் முடிந்த பின்னர் வந்த குளிர்காலத்தில், வழக்கத்துக்கு மாறாக நிருவாகமும் சற்று அசைந்தது. ஹோம் ரன் அடிக்கத் தெரிந்த பிரண்டன் லோவைத் தம்பா பேயிடமிருந்து பெற்றார்கள். ரயன் ஓஹேர்னுடன் இரண்டு வருடங்களுக்கு 2 கோடியே 90 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். வேறொரு கழகமாயின் இது ஒரு சிறு செய்தி. பிட்ஸ்பேர்க்கில் அது தலைப்புச் செய்தியானது. ஏனென்றால் சுதந்திர வீரர் ஒருவருக்கு அக்கழகம் வரலாற்றிலேயே கொடுத்த மிகப்பெரிய ஒப்பந்தம் 2014 டிசம்பரில் பிரான்சிஸ்கோ லிரியானோவுக்குக் கொடுத்த 3 கோடியே 90 இலட்சம் டொலராகவே அதுவரை இருந்தது.

இந்த அசைவு தொடர்ந்தால் நான் எழுதியவற்றில் பாதியை மீளப்பெறத் தயார். ஆனால் பொது முகாமையாளர் பென் செரிங்டன் 2019 நவம்பரில் பதவியேற்ற நாள் முதல் 'பொறுத்திருங்கள், கட்டியெழுப்புகிறோம்' என்ற பேச்சைக் கேட்டுவந்த ரசிகர்களிடம் இன்னொரு குளிர்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொறுமை கேட்பது நியாயமில்லை. சாரம் கட்டி ஆறு வருடமாகியும் சுவர் எழாத வீட்டை எவரும் கட்டுமானம் என்று அழைப்பதில்லை.

காலமும் அவர்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. 2025 இல் சை யங் விருது பெற்ற வருடத்தில் ஸ்கீன்ஸின் அடிப்படைச் சம்பளம் 8 இலட்சத்து 75 ஆயிரம் டொலர். பேஸ்போலின் விதிகளின்படி இளம் வீரர்கள் ஆறு வருட சேவை முடியும்வரை முதல் கழகத்துடனேயே இருக்கவேண்டும் என்பதால்தான் இந்த மலிவு. 2024 இல் அவரை மே 11 ஆம் திகதிவரை சிறு லீக்கில் நிறுத்திவைத்தார்கள். ஆனால் அவர் அந்த வருடத்தின் சிறந்த அறிமுக வீரராகத் தெரிவானதால், புதிய விதிப்படி முழு வருட சேவை அவரது கணக்கில் சேர்ந்தது. எனவே 2029 பருவம் முடிந்தவுடன் அவர் சுதந்திர வீரர். அவர் யாங்கீஸுக்குப் போக விரும்புவதாக 2025 நவம்பரில் வந்த செய்தியை அவரே மறுத்தார். அந்த மறுப்பை நான் நம்புகிறேன். ஒரு வீரர் எங்கே போக விரும்புகிறார் என்பதைவிட, அவரை எப்போது அனுப்ப அவரது கழகம் விரும்புகிறது என்பதே பிட்ஸ்பேர்க்கில் கேட்கவேண்டிய கேள்வி.

கெரிட் கோலும் ஸ்கீன்ஸைப் போன்று நாட்டின் முதலாவது தெரிவாக வந்தவர்தான். அவரது சுதந்திரத்துக்கு இரண்டு பருவங்கள் எஞ்சியிருந்தபோது அவரை விற்றார்கள். இரண்டு வருடங்கள் கழித்து யாங்கீஸ் அவருக்கு 32 கோடியே 40 இலட்சம் டொலர் கொடுத்தது; 2023 இல் அவர் அங்கே சை யங் விருதையும் பெற்றார். அதே கணக்கைப் பின்பற்றினால் ஸ்கீன்ஸின் முறை 2027–28 குளிர்காலத்தில் வரும். பிட்ஸ்பேர்க் ரசிகர்கள் நாட்காட்டியில் அந்த மாதங்களை இப்போதே வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.